பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பெரிய திரையும் கிராபிக்ஸ் கார்டும்: எதை முதலில் வாங்குவது, எப்படிப் பொருத்துவது

கம்பெனிகளில் சில வருடம் ஓடிவிட்டு ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் கடைக்கு வரும் டெஸ்க்டாப்களில் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மிகவும் பரவலானது. 2013இல் வந்த மாடல், இன்டெல் 4ஆம் தலைமுறை பிராசஸர், கெட்டியான உடல்வாகு. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ இதை வாங்கி வீட்டில் வைத்ததும் பெரிய திரை வேண்டும், கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று மனம் போகும். பெரும்பாலோர் கார்டை வாங்குகிறார்கள், பிறகு மானிட்டரை வாங்குகிறார்கள், கடைசியில் கையில் கிடைத்த கேபிளைச் செருகுகிறார்கள். காசு வீணாவது இந்த வரிசையால்தான். முதலில் திரையைத் தீர்மானியுங்கள். அடுத்து, அந்தத் திரைக்கு உங்கள் பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் போர்ட் போதுமா என்று பாருங்கள். போதாது என்று தெரிந்த பிறகே கார்டு. நல்ல மானிட்டர் அடுத்த கம்ப்யூட்டருக்கும் உழைக்கும். பழைய பெட்டிக்கென்று வாங்கும் கார்டு பெரும்பாலும் அந்தப் பெட்டியோடு முடிந்துவிடும்.

இங்கே 9020ஐ மையமாக வைத்து எழுதியிருக்கிறோம். இதே காலத்து எச்பி, லெனோவோ ஆபீஸ் மாடல்களுக்கும் முறை இதுதான். அளவுகள் மட்டும் மாறும்.

செலவு செய்யும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் 8ஆம் தலைமுறை முதல்தான். ஆகவே இந்தப் பெட்டியை இன்னும் சில வருடம் ஓட்டுவதாக இருந்தால் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றுக்கு மாறுவதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலேயே இன்னும் ஓடுகிறதென்றால் முதல் செலவு எஸ்எஸ்டி. திரையும் கார்டும் அதற்குப் பிறகுதான்.

உங்களிடம் இருப்பது எது?

விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று ஆங்கிலத்தில் தட்டினால் மாடல், பிராசஸர், பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு மூன்றும் ஒரே பக்கத்தில் வரும். பிராசஸர் ஐ5-4590 என்றிருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம் தலைமுறை: 4. ஐ5-3470 என்றால் 3ஆம் தலைமுறை. அது ஆப்டிபிளெக்ஸ் 7010 போன்ற பெட்டிகளில் இருக்கும்.

அடுத்து கேபினெட்டின் உருவம். 9020 நான்கு உருவங்களில் வந்தது. நின்ற வாக்கில் இருக்கும் மினி டவரில் முழு உயரக் கார்டு போகும், எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பகுதி) 290 வாட். ஒல்லியான எஸ்எஃப்எஃப்பில் (ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர்) அரை உயரக் கார்டு மட்டும், எஸ்எம்பிஎஸ் 255 வாட். அதைவிடச் சிறிய இரண்டு உருவங்களில் கார்டு போடும் பேச்சே இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் திரை, கேபிள் பகுதிகளை மட்டும் படித்தால் போதும்.

பின்பக்கம் திரும்பினால் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு நீல விஜிஏ. எச்டிஎம்ஐ கிடையாது. சில பெட்டிகளில் இந்தப் போர்ட்களின் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கும். மூடியைப் பார்த்துவிட்டுப் போர்ட் வேலை செய்யாது என்று நினைக்க வேண்டாம், கழற்றி எடுத்துவிடலாம்.

திரை: இன்ச்சை மட்டும் பார்க்காதீர்கள்

27 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு, அவ்வளவுதான். எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பது ஒரு இன்ச்சுக்குள் எத்தனை புள்ளிகள் என்பதைப் பொறுத்தது. 24 இன்ச்சில் 1920x1080 (1080பி), அதாவது அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள், என்றால் இன்ச்சுக்கு சுமார் 92 புள்ளிகள். அதே 1920x1080 27 இன்ச்சில் வந்தால் 82ஆகக் குறைகிறது. 27 இன்ச்சில் 2560x1440 (1440பி) என்றால் 109. 27 இன்ச்சில் 4கே, அதாவது 3840x2160, என்றால் 163.

தமிழில் படிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் ஆங்கிலத்தில் படிப்பவர்களைவிடக் கூடுதலாகத் தெரியும். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். 82 புள்ளித் திரையில் சிறிய அளவில் ‘ணை’, ‘ஞ’, ‘ஷ்’ போன்றவற்றைப் பாருங்கள். ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு கறை மாதிரித் தெரியும். அதே வரியை 109 புள்ளியில் பார்த்தால் சுழிக்குள் வெள்ளை தெரிகிறது, புள்ளி தனியே நிற்கிறது. தட்டச்சு வேலை, கணக்கு வேலை, மணிக்கணக்கில் படிப்பது என்றால் 27 இன்ச்சில் 1440பிக்குக் குறைந்து வாங்காதீர்கள். அந்தப் பணம் இல்லையென்றால் 24 இன்ச் 1080பி நல்ல திரை. 27 இன்ச் 1080பி நடுவில் மாட்டிக்கொண்ட சரக்கு. தூரத்தில் உட்கார்ந்து படம் பார்க்க மட்டும் சரி.

32 இன்ச்சில் 1440பி வாங்கினால் அடர்த்தி 24 இன்ச் 1080பி அளவுதான். இடம் பெரிதாகும், எழுத்தின் கூர்மை கூடாது. 27 இன்ச் 4கேயில் விண்டோஸ் 150 சதவீத ஸ்கேலிங் (எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) வைத்தால், திரையில் கொள்ளும் விஷயம் 1440பி அளவுக்கே வரும். எழுத்து மட்டும் மேலும் கூர்மையாகும். அழகுதான், ஆனால் பழைய பெட்டிக்கு இழுக்க வேண்டிய பாரம் 1440பியைப்போல் இரண்டேகால் மடங்கு. இந்தப் பெட்டிக்கு எங்கள் தேர்வு 27 இன்ச், 1440பி, ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை).

வாங்கும்போது மானிட்டரின் பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் உள்நுழைவு இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விலை குறைந்த மாடல்களில் எச்டிஎம்ஐயும் விஜிஏவும் மட்டும் இருக்கும். 9020க்கு டிஸ்ப்ளேபோர்ட் இல்லாத மானிட்டர் வாங்கினால் பிறகு அடாப்டர் தேடி அலைய வேண்டும்.

கேபிள்: பாதிப் பிரச்சினைகள் இங்கேதான்

4ஆம் தலைமுறை ஐ5, ஐ7 பிராசஸர்களில் உள்ள எச்டி 4600 கிராபிக்ஸ், டிஸ்ப்ளேபோர்ட் வழியாக 3840x2160ஐ 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாறும்படி, கொடுக்கும். இது பலருக்குத் தெரியாது. 1440பி மானிட்டருக்காகக் கார்டு தேடுபவர்களில் பாதிப் பேருக்குத் தேவைப்படுவது ஒரு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் மட்டுமே. 3ஆம் தலைமுறையில் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக 2560x1600 வரை, 60 ஹெர்ட்ஸில் வரும். அதாவது 1440பிக்கு அதுவும் போதும், 4கேக்குப் போதாது.

விஜிஏ 1920x1200ஓடு நின்றுவிடும். அதற்குள்ளும் எழுத்தின் ஓரம் மெழுகியது போல இருக்கும், ஏனென்றால் அது அனலாக் சிக்னல். பெரிய திரை வாங்கிவிட்டு, பழைய மானிட்டரிலிருந்து கழற்றிய விஜிஏ கேபிளையே மாட்டி, ‘தெளிவே இல்லை’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும்தான் என்றால் அடாப்டரைக் கவனித்து வாங்குங்கள். சாதாரண பாசிவ் அடாப்டர்களில் பழைய வகை 165 மெகாஹெர்ட்ஸோடு நிற்கும். 1440பி 60 ஹெர்ட்ஸுக்கு 241.5 மெகாஹெர்ட்ஸ் தேவை. ஆகவே 1080பிக்கு மேல் செட்டிங்கிலேயே தெரியாது. ஆக்டிவ் வகை (சிக்னலை மாற்றும் சிப் உள்ளே இருப்பது), 4கே 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாக எழுதியிருப்பது, அதை வாங்குங்கள். அடாப்டருக்குத் திசை உண்டு என்பதையும் மறக்காதீர்கள்: கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ. தலைகீழாக விற்பதும் இருக்கிறது, அது இங்கே வேலை செய்யாது.

மலிவு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இன்னொரு வம்பு. 20ஆம் பின் மின்சாரத்துக்கானது. முறையான கேபிளில் அது இரு முனைக்கும் இணைக்கப்பட்டிருக்கக் கூடாது. தரமில்லாத கேபிளில் இணைத்திருப்பார்கள். அப்போது மானிட்டரிலிருந்து மின்சாரம் கம்ப்யூட்டருக்குள் திரும்பிப் பாயும். ஷட்டவுன் செய்த பிறகும் மதர்போர்டில் விளக்கு எரிவது, பவர் பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகாமல் மானிட்டர் கேபிளைப் பிடுங்கினால் மட்டும் ஆவது என்றால் முதல் சந்தேகம் இந்தக் கேபிள் மேல். வேசா (டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் அமைப்பு) சான்று பெற்ற கேபிள், 2 மீட்டருக்கு மேல் போகாமல் வாங்கினால் இந்தத் தொல்லை இராது. கழற்றும்போது முனையில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே இழுங்கள். அதற்குள் இரண்டு கொக்கிகள் உண்டு. பொத்தானை விட்டுவிட்டு இழுத்தால் போர்ட்டே பெயர்ந்து வந்துவிடும்.

கார்டு இல்லாமலே ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு சின்ன வேலை: ரேமை இரண்டு குச்சிகளாகப் போடுங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்3 1600 ஒற்றைக் குச்சியில் நொடிக்கு 12.8 ஜிபி, இரண்டு குச்சியில் 25.6 ஜிபி. ஒரே 8 ஜிபி குச்சியைவிட இரண்டு 4 ஜிபி குச்சி 1440பியில் ஜன்னல்களை இழுப்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி இலகுவாக்கும். குச்சிகளை ஒரே நிறக் கொக்கி உள்ள ஸ்லாட்களில் போடுங்கள்.

கார்டு உண்மையில் தேவையா? பத்து நிமிடச் சோதனை

புதுத் திரையை மாட்டிவிட்டு யூடியூபில் 1440பியில் கிடைக்கும் ஒரு வீடியோவை ஓட்டுங்கள். வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால் கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை) பெயர் தெரியும். 1080பி வரை ஏவிசி1 என்ற பழைய எச்.264 கிடைக்கும், அதற்கு மேல் விபி09 அல்லது ஏவி01 மட்டுமே. எச்டி 4600இல் இந்த இரண்டையும் பிரித்துப் படமாக்குவதற்கு முழுமையான வன்பொருள் வசதி இல்லை. எல்லாம் பிராசஸரின் தலையில் விழும். பழைய திரையில் சத்தமில்லாமல் ஓடிய பெட்டி, பெரிய திரை வந்ததும் ஃபேன் இரைந்து திணறுவது இதனால்தான். திரை பாரமானது பாதிக் காரணம், வீடியோவின் வகை மாறியது மீதிப் பாதி.

அதே ‘ஸ்டாட்ஸ்’ கட்டத்தில் ‘டிராப்டு ஃபிரேம்ஸ்’ (தவறவிட்ட படங்கள்) எண் ஏறிக்கொண்டே போகிறதா, டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 80, 90 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வீடியோவுக்காகக் கார்டு வேண்டாம். இருந்தால் சின்னக் கார்டு போதும். கேம், பிளெண்டர் (3டி மென்பொருள்), வீடியோ எடிட்டிங் என்றால் பெரிய கார்டு.

கார்டைத் தேர்ந்தெடுப்பது

மூன்று எல்லைகள்: உயரம், வாட், பாதை (கார்டும் மதர்போர்டும் தகவல் பரிமாறும் வழிகள்).

உயரம்: எஸ்எஃப்எஃப் பெட்டிக்கு லோ புரொஃபைல், அதாவது அரை உயர, கார்டு மட்டுமே. கார்டின் பின்பக்க உலோகத் தகடான பிராக்கெட் முழு உயரத்தில் 120 மில்லிமீட்டர், லோ புரொஃபைல் பிராக்கெட் சுமார் 79. பழைய கார்டு வாங்கும்போது பலர் கேட்க மறப்பது இந்தச் சின்ன பிராக்கெட்டைத்தான். கார்டு அரை உயரமாக இருந்தாலும் நீள பிராக்கெட்டோடு வந்தால் மூடி மூடாது. ‘சின்ன பிராக்கெட் இருக்கா?’ என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். தடிமனையும் பாருங்கள்: ஒரு ஸ்லாட்டா, இரண்டா? பெட்டியைத் திறந்து முழு 16 பாதை ஸ்லாட்டின் ஃபேன் வரும் பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்கேலால் அளந்துவிட்டு வாங்குங்கள்.

வாட்: ஸ்லாட் வழியாக ஒரு கார்டு எடுத்துக்கொள்ளக்கூடிய உச்சம் 75 வாட். ஐ5-4590 84 வாட், கார்டு 75, மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்ந்து ஒரு 40 என்று வைத்தால் 200 வருகிறது. 255 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இது கணக்குக்குள் அடங்கும், ஆனால் மிச்சம் அதிகமில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பத்து வயது தாண்டிவிட்டது. சில கம்பெனிகளின் சிறிய பெட்டிகளில் ஸ்லாட்டுக்கு 75ஐவிடக் குறைந்த வரம்பைக் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஃப்எஃப்பில் 50 வாட்டுக்குள் நிற்பதே எங்கள் பரிந்துரை. வாட்டுக்காக மட்டுமில்லை; அந்த ஒல்லிப் பெட்டியில் சூடு போக வழியும் குறைவு.

9020இன் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 6 பின் வயர் கிடையாது. இல்லாத வயரை, டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா வயரிலிருந்து உருவாக்கும் அடாப்டர்கள் கடையில் தொங்கும். வாங்காதீர்கள். சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர்: மொத்தம் 54 வாட். 6 பின் முனையிலிருந்து கார்டு 75 வாட் வரை கேட்கலாம். முனை உருகுவது இப்படித்தான், சில சமயம் அதற்கு மேலும் போகும். எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றலாம் என்றால், 9020இன் மதர்போர்டு வழக்கமான 24 பின் முனையை ஏற்காது. அதில் டெல்லின் சொந்த 8 பின் அமைப்பு. அடாப்டர் வயர் தனியே வாங்க வேண்டும். செலவு கூடிக்கொண்டே போகும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வேறு பெட்டி பார்ப்பது நல்லது. கிரிப்டோ மைனிங்கில் ஓடிய ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்காதீர்கள். 185 வாட் கார்டு அது.

பாதை: 9020இல் நீளமான ஸ்லாட் இரண்டு இருக்கும். ஒன்று முழு 16 பாதை, மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ். இன்னொன்று பார்க்க அதே நீளம், உள்ளே 4 பாதை மட்டும், இரண்டாம் தலைமுறை. கார்டை முதலாவதில்தான் போட வேண்டும். சில புதிய கார்டுகள் தாங்களே 4 பாதையில்தான் பேசும். ஆர்எக்ஸ் 6400 அப்படிப்பட்டது. 53 வாட்டில் நல்ல கார்டுதான், ஆனால் நான்காம் தலைமுறைப் பாதைக்காகச் செய்தது. இங்கே மூன்றாம் தலைமுறையில் பாதி வேகமே கிடைக்கும். கேமில் அவ்வப்போது வெட்டும். ஐ5-2400 போன்ற 2ஆம் தலைமுறைப் பெட்டியில் அதிலும் பாதி.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால்:

திரைக்கும் வீடியோவுக்கும் மட்டும் என்றால் என்விடியா டி400, 30 வாட். அல்லது டி600, 40 வாட், 4 ஜிபி. ஆபீஸ் ஒர்க்ஸ்டேஷன் கார்டுகள் இவை. ஒரே ஸ்லாட் தடிமன், அரை உயரம், விபி9ஐ வன்பொருளிலேயே பிரிக்கும். பின்னால் இருப்பது மினி டிஸ்ப்ளேபோர்ட், ஆகவே கேபிளையோ அடாப்டரையோ சேர்த்துக் கேளுங்கள்.

ஜிடி 1030, 30 வாட், எங்கும் கிடைக்கும். வாங்குவதாக இருந்தால் ஜிடிடிஆர்5 வகையை மட்டும் வாங்குங்கள். அதே பெயரில் டிடிஆர்4 வகையும் உண்டு. முன்னதன் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி, பின்னது 16.8. பெயர் ஒன்று, கார்டு வேறு. கார்டு வரும் அட்டைப் பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். இது பாஸ்கல் தலைமுறை. என்விடியா இதற்கான வழக்கமான டிரைவர் வெளியீடுகளை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும்.

கேமும் எடிட்டிங்கும் என்றால், மினி டவரில் ஜிடிஎக்ஸ் 1650 அல்லது ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை. 3050 6 ஜிபி 70 வாட்டில், தனி வயர் இல்லாமல் ஓடும் மாடல்களில் கிடைக்கிறது, ஏவி1ஐயும் பிரிக்கும். 1650இல் சில மாடல்களுக்கு 6 பின் வயர் வேண்டும். முனை இல்லாத மாடலாகப் பார்த்து எடுங்கள். இரண்டுக்கும் அரை உயர வகைகள் உண்டு, பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் தடிமனில்.

இன்டெல் ஆர்க் கார்டுகளை இந்தப் பெட்டிக்கு வாங்க வேண்டாம். அவை ரீசைசபிள் பார் என்ற வசதியை நம்பியே வேகம் காட்டுகின்றன. 9020இன் பயாஸில் அது இல்லை. ஓபிஎஸ் என்ற மென்பொருளில் ரெக்கார்டிங், லைவ் செய்பவர்கள் ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400 இரண்டையும் ஒதுக்குங்கள். இரண்டிலும் வீடியோவை என்கோட் செய்யும் (சுருக்கிப் பதியும்) பகுதியே கிடையாது.

பழைய கார்டு வாங்கினால் கடையிலேயே ஓட்டிப் பார்த்து, ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய மலிவுக் கார்டின் பயாஸைத் திருத்தி 1050 டிஐ என்று விற்பது நடக்கிறது. அப்படிப்பட்டவற்றின் பெயருக்கு முன்னால் அந்தக் கருவி ‘ஃபேக்’ என்று காட்டிவிடும்.

பொருத்தும் முறை

1. பயாஸுக்குள் எஃப்2 அழுத்திப் போய், பூட் முறை, சாட்டா முறை (டிஸ்க்கோடு பேசும் முறை) இரண்டு பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸ் பழையதென்றால் டெல் தளத்திலிருந்து இப்போதே புதுப்பியுங்கள், யுபிஎஸ் இருக்கும்போது மட்டும்.

2. ஷட்டவுன். சுவர் சுவிட்சை அணைத்து பவர் வயரைப் பிடுங்குங்கள். மானிட்டரின் பவரையும் எடுத்துவிடுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்; மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். எர்த் சரியில்லாத வீட்டில் இரண்டு சாதனங்களையும் ஆனில் வைத்துக்கொண்டே கேபிள் செருகினால் கசிவு மின்சாரம் போர்ட்டைக் கெடுக்கலாம்.

3. பெட்டியைப் படுக்க வைத்து மூடியைத் திறங்கள். கார்பெட், நைலான் விரிப்பு மேல் வேண்டாம். பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். எஸ்எஃப்எஃப்பில் டிவிடி டிரைவ், டிஸ்க் கூண்டு இரண்டையும் தூக்கினால்தான் கை நுழையும்.

4. திறந்தது திறந்தாகிவிட்டது, தூசியைத் தட்டிவிடுங்கள். சிஆர்2032 பேட்டரியையும் மாற்றுங்கள், விலை சொற்பம். பேட்டரியை எடுத்தால் பயாஸ் தொழிற்சாலை நிலைக்குப் போய், சாட்டா முறை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கு மாறக்கூடும். அப்போது விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். முதல் படியில் எடுத்த படம் இதற்காகத்தான்: பார்த்து பழையபடி வைத்தால் சரியாகிவிடும்.

5. பின்பக்கக் கொக்கியைத் திறந்து தகட்டை எடுங்கள். கார்டின் பிராக்கெட் மாற்ற வேண்டுமானால் இப்போது மாற்றுங்கள். கார்டை ஓரங்களில் பிடியுங்கள், தங்க நிறப் பற்களைத் தொடாதீர்கள்.

6. முழு 16 பாதை ஸ்லாட்டில் நேராக வைத்து இரண்டு முனையிலும் சமமாக அழுத்துங்கள். ஸ்லாட் கடைசியில் உள்ள கொக்கி ‘டிக்’கென்று விழ வேண்டும். பற்கள் ஒரு கோடு கூட வெளியே தெரியக் கூடாது. ஒரு பக்கம் தூக்கியிருந்தால் பெரும்பாலும் பிராக்கெட்டின் கீழ் நுனி மதர்போர்டுக்கும் கேபினெட்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் இறங்கியிருக்காது. அமுக்கிப் பார்க்காதீர்கள், எடுத்து மறுபடி வையுங்கள்.

7. உள்ளே ஓடும் வயர் எதுவும் கார்டின் ஃபேனில் உரசாமல் ஒதுக்கிவிட்டு மூடுங்கள்.

8. மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. கார்டு கண்டதும் மதர்போர்டின் போர்ட்கள் பெரும்பாலும் அணைந்துவிடும். ‘கார்டு போட்டேன், திரை கறுப்பு’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

டிரைவர், அதன் பிறகு

முதல் தடவை படம் மங்கலாகவோ பெரிதாகவோ வந்தால் பயப்பட வேண்டாம், டிரைவர் இல்லாத நிலை அது. தயாரிப்பாளர் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி நிறுவுங்கள். முன்பு வேறு கம்பெனிக் கார்டு இருந்திருந்தால் சேஃப் மோடில் டிடியு என்ற கருவியால் பழையதைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். உபுண்டு, மின்டில் ஏஎம்டிக்கு எதுவும் நிறுவத் தேவையில்லை. என்விடியாவுக்கு டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் அதையே கொடுக்க வேண்டும். அந்தத் திரையைத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.

பிறகு டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெசல்யூஷன் மானிட்டரின் முழு அளவில் இருக்கிறதா, அட்வான்ஸ்டு பகுதியில் ஹெர்ட்ஸ் சரியா என்று பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு 60இலேயே ஓட்டுபவர்கள் ஏராளம். ‘கிளியர்டைப்’ என்று தேடி, அது காட்டும் ஐந்து பக்கங்களிலும் உங்கள் கண்ணுக்குத் தெளிவானதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்துக்கு இந்த இரண்டு நிமிடம் நல்ல பலன் தரும்.

ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் 1.1 என்று காட்டினால் கார்டு சும்மா இருப்பதால் வேகத்தைக் குறைத்திருக்கிறது. பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட்டினால் 3.0 வர வேண்டும். 16 பாதைக் கார்டு அப்போதும் 4 என்று காட்டினால் தப்பான ஸ்லாட்டில் இருக்கிறது, அல்லது பற்களில் அழுக்கு.

தவறினால்

படமே வரவில்லை, பவர் விளக்கு ஆரஞ்சில் கண் சிமிட்டுகிறது: கார்டை எடுத்துவிட்டு மதர்போர்டு வழியாக ஆன் செய்யுங்கள். வந்தால் கார்டை மறுபடி அழுத்திப் பொருத்திப் பாருங்கள். 2010, 2011 காலத்து யுஇஎஃப்ஐ என்ற புதிய வகை பயாஸ் இல்லாத பெட்டிகளில் சில புதிய கார்டுகள் படமே காட்டாது. அங்கே பழைய தலைமுறைக் கார்டுதான் வழி.

கறுப்பு சாம்பலாக, நிறம் வெளிறித் தெரிகிறது: எச்டிஎம்ஐயில் அடிக்கடி வருவது. கம்ப்யூட்டர் மானிட்டரை டிவி என்று நினைத்து 16 முதல் 235 வரையிலான நிற எல்லையை அனுப்புகிறது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்பதை ‘ஃபுல்’ ஆக்குங்கள்.

4கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவில்லை, மவுஸ் இழுபடுகிறது: மானிட்டரின் சொந்த மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் 1.1, 1.2 என்று ஒரு தேர்வு இருக்கும். 1.1இல் நின்றால் இப்படித்தான்; 1.2 ஆக்குங்கள். எச்டிஎம்ஐ என்றால் எங்கோ ஒரு இடத்தில், அடாப்டரிலோ போர்ட்டிலோ, 1.4 நிற்கிறது.

திரை அவ்வப்போது ஓரிரு விநாடி கறுத்துத் திரும்புகிறது: கேபிளை மாற்றுங்கள். கார்டைக் குறை சொல்வது அதற்குப் பிறகு.

கேம் ஓடும்போது பெட்டி பட்டென்று அணைந்து மறுபடி ஆனாகிறது: எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை. என்விடியா கார்டு என்றால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கருவியில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். சில கார்டுகளில் அந்தக் கட்டை நகராது, அப்போது கேமில் ஃபிரேம் எண்ணிக்கையை 60க்குக் கட்டிப்போடுங்கள். இதற்கு அடங்கினால் காரணம் உறுதி. அணையாமல் மெதுவாகிறது என்றால் அது சூடு: எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கருவியில் கார்டின் வெப்பம் 85 டிகிரியைத் தொடுகிறதா பாருங்கள். எஸ்எஃப்எஃப்பில் பயன்படாத டிவிடி டிரைவைக் கழற்றி, அதன் முன்மூடியைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே வர ஒரு வழி கிடைக்கும். பெட்டியை மேஜை அடியில் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் முன்னால் இழுங்கள்.